பாவித்த அம்ப் வாங்குமுன் ஸ்பீக்கரின் முதுகைப் பாருங்கள்

வாசகர் கேள்வி, எங்கள் பதில்

சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசுக்குப் பாவித்த ஸ்டீரியோ அம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று கேட்டு வந்த கடிதங்களே இம்முறை அதிகம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ரூபாய்க் கணக்கு எதையும் எழுதவில்லை. டொலர் ஏறி இறங்க அதுவும் மாறுகிறது.

ஹட்டன் வாசகர்: மாமா வீட்டிலிருந்து இரண்டு பொக்ஸ் ஸ்பீக்கர் கிடைத்தது. பின்னால் 8 ஓம், 60 வாட்ஸ், 87 டிபி என்று போட்டிருக்கிறது. கடையில் இரண்டு அம்ப் காட்டினார்கள். ஒன்று பக்கத்துக்கு, அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும், 100 வாட்ஸ். மற்றது 35 வாட்ஸ், விலையும் பாதிதான். எங்கள் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. சின்னதை எடுத்துவிட்டுப் பிறகு வருத்தப்படுவேனா?

பதில்: 35 வாட்ஸ் அம்ப் நல்ல நிலையில் இருந்தால் அதையே எடுங்கள். மிச்சக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது.

உங்கள் பொக்ஸின் பின்னால் உள்ள மூன்று எண்களில் கடைகளில் பேசப்படுவது வாட்ஸ் மட்டும். உங்கள் கணக்குக்கு வேண்டியதோ அந்த 87 டிபி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தள்ளி 87 டெசிபல் சத்தம் வரும் என்று அர்த்தம். எட்டடி தள்ளி உட்கார்ந்தால் அறைக்குள் ஐந்தாறு டெசிபல் குறையும். பொக்ஸ் இரண்டு என்பதால் மூன்று கூடும். ஆக, பக்கத்துக்கு ஒவ்வொரு வாட் போனாலே உங்கள் காதில் 84 டெசிபலுக்குக் கிட்ட வந்துவிடும். வீட்டில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும் அளவு 70, 75தான். அந்த அளவில் அம்ப் கொடுப்பது ஒரு வாட்டில் பத்திலொரு பங்கு.

அப்படியானால் மிச்ச வாட்ஸ் எதற்கு? தப்பிலோ தவிலிலோ விழும் அடி, பாட்டின் சராசரிச் சத்தத்தை விடப் பத்துப் பதினைந்து டெசிபல் மேலே எகிறும். அந்தக் கணத்துக்குத்தான் கையிருப்பு வேண்டும். மூன்று டெசிபல் கூட்ட வாட்ஸ் இரண்டு மடங்காக வேண்டும், பத்து டெசிபலுக்குப் பத்து மடங்கு. 35 வாட்ஸ் என்றால் உங்கள் காதில் 99 டெசிபல் வரை இடம் இருக்கிறது. 100 வாட்ஸ் அதற்கு மேல் தருவது நாலரை டெசிபல். ஒரு சத்தம் இரண்டு மடங்காகக் கேட்கிறது என்று காது சொல்வதற்கே பத்து டெசிபல் வேண்டும். தகரத்தில் மழை விழும்போது பாட்டுக் கேட்கவில்லையே என்றால், அதற்கு 100 வாட்ஸும் போதாது. பக்கத்துக் காம்பராவோடு சண்டைதான் மிச்சம்.

உங்கள் ஸ்பீக்கர் 83, 84 டிபி அளவிலான சின்ன பொக்ஸாக இருந்தாலோ, பெரிய ஹோலில் வைப்பதாக இருந்தாலோ 60 முதல் 80 வாட்ஸ் தேடச் சொல்லியிருப்போம்.

பொக்ஸில் உள்ள 60 வாட்ஸ் அது தாங்கும் எல்லை. சின்ன அம்ப் அந்த எல்லைக்கு வராது, ஆகவே ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். வொலியூம் நொப்பைக் கடைசிவரை திருகினால், அம்ப் கொடுக்கக்கூடிய வோல்ட்டின் உச்சியில் அலை தட்டையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் கீச்சுப் பக்கத்துச் சக்தி கூடிப்போகும். பேஸ் பாடும் பெரிய வூஃபர் தப்பிவிடும், கீச்சுப் பாடும் சின்ன ட்வீட்டரின் கொயில்தான் எரியும். சத்தம் கரகரக்கத் தொடங்கியதும் குறைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. நொப் பாதியில்தானே நிற்கிறது, இன்னும் பாதி வாட்ஸ் பாக்கி என்ற கணக்கும் பிழை. பழைய அம்ப்புகளின் ஓக்ஸ் வழி (வெளிச் சாதனம் கொழுவும் துளை) 150 மில்லிவோல்ட்டுக்கே முழு வாட்ஸையும் கொடுக்கும்படி செய்யப்பட்டது. சீடி, டிவிடி பிளேயர்கள் 2 வோல்ட் வரை அனுப்புகின்றன. பன்னிரண்டு மணி நிலைக்கு முன்னாலேயே அம்ப் தன் எல்லையைத் தொட்டிருக்கும்.

தலவாக்கலை வாசகர்: பழுதான மினி செட்டின் ஸ்பீக்கர்கள் 6 ஓம். பார்த்துவைத்த அம்ப்பில் 8 முதல் 16 ஓம் என்று எழுதியிருக்கிறது. கொழுவலாமா? நாலு ஸ்பீக்கர் போட முடியுமா?

பதில்: ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை. அது குறையக் குறைய அம்ப்பிலிருந்து கூடுதல் கரண்ட் இழுக்கப்படும். 8 ஓமில் 40 வாட்ஸ் கொடுக்கும்போது 2.2 அம்பியர் போகிறது என்றால், நொப்பைத் தொடாமல் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் 4.5 அம்பியர் கேட்கும். கொடுப்பது வெளியீட்டு ட்ரான்சிஸ்டர்கள். சூடாகிச் சாவதும் அவைதான்.

6 ஓம் பெரிய மீறல் அல்ல. நிதானமான சத்தத்தில் கேட்டு, ஒரு மணித்தியாலம் கழித்து அம்ப்பின் மேல்மூடியில் உள்ளங்கையை வைத்திருக்க முடிகிறதென்றால் பயப்பட வேண்டாம். கல்யாண வீட்டுச் சத்தத்துக்கு ஆசைப்படக் கூடாது, அவ்வளவுதான். 4 ஓம் ஸ்பீக்கரென்றால் 4 ஓம் என்று தகட்டில் எழுதியுள்ள அம்ப்பையே தேடுங்கள். சில மினி செட்டுகளின் ஸ்பீக்கர் 3 ஓம்கூட வரும். அதை எந்தப் பழைய அம்ப்பிலும் மாட்டாதீர்கள்.

எழுத்து அழிந்துபோன பொக்ஸானால் வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீற்றரால் ஓம் பாருங்கள். மீற்றர் காட்டுவது நேர்மின் (டிசி) தடை என்பதால் எழுதியதை விடக் குறைவாகவே இருக்கும். 5.5 முதல் 7 வரை காட்டினால் 8 ஓம், 4 முதல் 5 வரை காட்டினால் 6 ஓம், 3 முதல் 3.6 வரை காட்டினால் 4 ஓம் என்று கொள்ளலாம்.

நாலு ஸ்பீக்கர் விஷயத்தில்தான் நிறைய அம்ப்புகள் சாகின்றன. ஏ, பி என்ற இரண்டு சோடி முனைகளையும் ஒரேயடியாகப் போட்டால் பெரும்பாலான அம்ப்புகளில் அவை பக்கவாட்டாக இணையும். இரண்டு 8 ஓம் சேர்ந்து 4 ஆகும், உங்கள் 6 ஓம் இரண்டு சேர்ந்தால் 3. அதனால்தான் சில அம்ப்புகளின் முதுகில் ஒரு சோடிக்கு 4 முதல் 16, இரண்டு சோடிக்கு 8 முதல் 16 என்று தனித்தனியாக எழுதியிருக்கும். நாலும் வேண்டுமென்றால் ஒரு பக்கத்து இரண்டையும் வரிசையாக இணையுங்கள்: அம்ப்பின் சிவப்பு முதல் பொக்ஸின் சிவப்புக்கு, அதன் கறுப்பு இரண்டாவது பொக்ஸின் சிவப்புக்கு, இரண்டாவதன் கறுப்பு அம்ப்பின் கறுப்புக்கு. 6 ஓம் இரண்டு சேர்ந்து 12 ஆகும். இரண்டும் ஒரே வகைப் பொக்ஸாக இருக்க வேண்டும். வேறுவேறானால் ஓசை கெடும்.

த்ரீவீலரில் இருந்து கழற்றிய 4 ஓம் ஸ்பீக்கர் பற்றிக் கேட்டவர்களுக்கும் இதே பதில்தான், பக்கத்துக்கு இரண்டாக வரிசையில் போட்டால் 8 ஓம். ஆனால் அவற்றை மூடிய பொக்ஸில் பொருத்தாமல் வெறுமனே தொங்கவிட்டால் பேஸ் வராது. முன்னால் வரும் காற்றைப் பின்னால் வரும் காற்று அழித்துவிடும்.

பண்டாரவளை வாசகர்: ஜப்பானிலிருந்து வந்த அம்ப் ஒன்று மலிவாக வருகிறது. 100 வோல்ட். 230ஐக் குறைக்கும் 110 வோல்ட் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் போட்டால் போதும் என்கிறார் விற்பவர். சரியா?

பதில்: சரியில்லை. ஓடும், ஆனால் ஒவ்வொரு நாளும் பத்து வீதம் கூடுதல் வோல்ட்டில் ஓடும். உள்ளே 46 வோல்ட் நிற்க வேண்டிய இடத்தில் 50.6 நிற்கும். அங்கே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கெபாசிட்டர் 50 வோல்ட்டுக்குத்தான் செய்யப்பட்டிருக்கலாம், அதற்கு வயது முப்பதுக்கு மேல். 230க்கு 100 என்று எழுதிய ஸ்டெப் டவுனைக் கேட்டு வாங்குங்கள். லோட் இல்லாமல் அளந்தால் 103, 105 காட்டும், அது பரவாயில்லை.

அளவு எவ்வளவு? அம்ப்பின் முதுகில் வாங்கும் மின்சாரம் 150 வாட்ஸ் என்று இருந்தால் ஸ்டெப் டவுன் குறைந்தது 300 விஏ (வோல்ட் அம்பியர், அது தாங்கும் அளவு). ஜப்பான் தகட்டில் உள்ள அந்த எண் பெரும்பாலும் முழுச் சத்தத்தில் இழுக்கும் அளவு அல்ல, ஆகவே இரண்டு மடங்கு வைப்பது ஆடம்பரம் ஆகாது. ஸ்டெப் டவுனில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாமல் கையில் தூக்கிப் பாருங்கள். இரண்டு தனிக் கம்பிச் சுற்று உள்ள 300 விஏ ட்ரான்ஸ்ஃபோமர் மூன்று நான்கு கிலோவாவது இருக்க வேண்டும். மின்விசிறி ரெகுலேட்டர், பல்ப் மங்கலாக்கும் சுவிட்ச், பயணத்துக்குக் கொண்டுபோகும் சின்ன எலக்ட்ரோனிக் மாற்றி இவற்றில் எதையும் அம்ப்புக்குக் கொடுக்காதீர்கள்.

மலிவான ஸ்டெப் டவுன்களில் ஒரே சுற்றுத்தான் இருக்கும், அதன் நடுவிலிருந்து 100 வோல்ட் எடுப்பார்கள். அந்தச் சுற்றின் கீழ்ப்பகுதி அறுந்தால் 230 வோல்ட் நேராக அம்ப்புக்குள் போகும். எந்த வகை என்று கண்டுபிடிப்பது எளிது. எதிலும் சொருகாத நிலையில், உள்ளே போகும் பிளக்கின் ஒரு முனைக்கும் வெளியே வரும் சொக்கட்டின் ஒவ்வொரு துளைக்கும் இடையே மீற்றரில் ஓம் பாருங்கள். சில ஓம் காட்டினால் ஒரே சுற்று. தொடர்பே இல்லையென்றால் இரண்டு தனிச் சுற்று. இரண்டாவதை வாங்குங்கள்.

மாலையில் தோட்டத்து லயத்தில் 230 வோல்ட் 190க்கு இறங்கும்போது அம்ப்புக்கு 83 வோல்ட்தான் கிடைக்கும். சத்தத்தின் பலம் குறையும், சில அம்ப்புகளில் ஸ்பீக்கரை இணைக்கும் உள் சுவிட்சான ரிலே டிக் டிக் என்று விழுந்து எழும். அந்த நேரம் அணைத்து வையுங்கள். குறைந்த வோல்ட் இந்த வகை அம்ப்பை எரிப்பதில்லை, கூடிய வோல்ட்தான் எரிக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விபத்து வீட்டுக்குள் நடப்பது. யாரோ ஒருவர் தட்டைக் கம்பிப் பிளக்கை வெட்டிவிட்டு 13 அம்பியர் பிளக் போடுவார், இன்னொருவர் சுவரில் சொருகுவார். ஃபியூஸ் மட்டும் போனால் அதிர்ஷ்டம். ட்ரான்ஸ்ஃபோமருக்குள் புதைந்திருக்கும் வெப்ப ஃபியூஸ் போனால் ட்ரான்ஸ்ஃபோமரே போனது மாதிரி. தட்டைப் பிளக்கை வெட்டாதீர்கள். வயரிலேயே ‘100 வோல்ட் மட்டும்’ என்று எழுதி ஒட்டுங்கள்.

60 ஹேர்ட்ஸ் மட்டும் என்று தகட்டில் இருக்கும் அமெரிக்க 120 வோல்ட் சாமான் நம் 50 ஹேர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். ஜப்பானிலோ தோக்கியோ பக்கம் 50, ஒசாக்கா பக்கம் 60 என்பதால் அங்கத்தைய சாமான்களில் பெரும்பாலும் இரண்டும் எழுதியிருக்கும். முதுகில் 110, 120, 220, 240 என்று திருகும் வோல்ட் தெரிவு உள்ள அம்ப் கிடைத்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. இரண்டு அம்ப் ஒரே விலையில் இருந்தால் அதையே எடுங்கள்.

கண்டி வாசகர்: எந்தப் பெயரைத் தேடுவது?

பதில்: சன்சுயி, பயனியர், யமஹா, கென்வூட், டெக்னிக்ஸ், டெனொன், மராண்ட்ஸ் எல்லாமே நல்லதும் செய்தன, விலை குறைக்கச் செய்த சாதாரணமானதும் செய்தன. ஆகவே பெயருக்குக் கொடுக்கும் கூடுதல் காசை நிலைமைக்குக் கொடுங்கள். வாட்ஸ் மயக்கம் போக ஓர் உதாரணம்: 1978இல் வந்த நாட் (NAD) 3020 என்ற பிரபலமான அம்ப்பின் அறிவிக்கப்பட்ட பலம் பக்கத்துக்கு 20 வாட்ஸ்தான். சிரமமான ஸ்பீக்கரையும் இழுக்கும் என்று அது பெயரெடுத்தது கரண்ட் கொடுக்கும் திறனால்.

வெளியீட்டில் தனித்தனி ட்ரான்சிஸ்டர் உள்ளதா, ‘எஸ்டிகே’ (STK) என்று எழுதிய ஒரே கறுப்புக் கட்டி உள்ளதா என்று கேளுங்கள். கட்டி உள்ளவையும் நன்றாகவே பாடும். ஆனால் அது போனால் ஒரிஜினல் கிடைப்பது கஷ்டம், போலி ஏராளம். ட்ரான்சிஸ்டர் வகையைத் திருத்த ஆள் கிடைக்கும், அதிலும் போலிச் சாமான் உண்டு என்பதை மறக்காமல் நம்பிக்கையான இடத்தில் வாங்க வேண்டும். கொழும்புக்குப் போகிறவர்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ரிலே, கெபாசிட்டர், வயர், ஸ்டெப் டவுன் எல்லாவற்றையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

படம் பார்க்கும் 5.1 ரிசீவர்கள் மலிவாகக் கிடைக்கின்றனவே என்று இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். பாட்டுக்கு மட்டும் என்றால் வேண்டாம். உள்ளே போர்டு அதிகம், பழுதாகும் இடமும் அதிகம்.

நாவலப்பிட்டி வாசகர்: கடையில் அரை மணித்தியாலம்தான் கிடைக்கும். எப்படிச் சோதிப்பது?

பதில்: போகும்போது மீற்றர், டோர்ச், ஃபோனில் மாட்டும் 3.5 மில்லிமீற்றர் முனையிலிருந்து அம்ப்பின் முதுகில் சொருகும் இரண்டு ஆர்சிஏ பின்னுக்குப் போகும் வயர், போனாலும் கவலையில்லாத சின்ன ஸ்பீக்கர் இரண்டு கொண்டுபோங்கள். வீட்டு நல்ல ஸ்பீக்கர் கடைசியில்தான்.

கரண்ட் கொடுக்குமுன் மூக்கை வேலை செய்ய விடுங்கள். காற்றுத் துளையில் கருகிய வாசம் வந்தால் பேரம் பேசவே வேண்டாம். டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். கெபாசிட்டரின் தலை தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருக்கக் கூடாது. போர்டில் வெள்ளைப் பூஞ்சை, பச்சைக் களிம்பு, பல்லி முட்டை, கரப்பான் எச்சம் எல்லாம் நம் பக்கத்து அம்ப்புகளில் சகஜம், துடைத்து எடுக்கலாம். சில போர்டுகளில் பெரிய சாமான்களை ஒட்டவைத்த மஞ்சள் பசை வயதாகிக் கபில நிறமாயிருக்கும். அது பக்கத்திலிருக்கும் கால்களை அரிப்பதோடு கரண்டையும் கடத்தும், திருத்துபவர் சுரண்டி எடுக்க வேண்டிவரும். திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் முன்பே பலர் திறந்திருக்கிறார்கள்.

இப்போது ஸ்பீக்கர் இல்லாமல், வொலியூமைப் பூச்சியத்தில் வைத்து ஒன் பண்ணுங்கள். ரிலே உள்ள அம்ப் என்றால் மூன்று முதல் ஐந்து செக்கனில் உள்ளே ‘டிக்’ என்று அது விழும். விழவே இல்லையென்றால் வெளியீட்டில் கோளாறு. ‘அது சின்னப் பிரச்சினை’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ரிலே விழுந்த பின் மீற்றரை நேர்மின் 200 மில்லிவோல்ட் எல்லையில் வைத்து ஒவ்வொரு பக்கத்துச் சிவப்பு, கறுப்பு முனைகளில் அளந்து பாருங்கள். 20க்குக் கீழ் என்றால் நன்று, 50 வரை ஏற்கலாம். 100ஐத் தாண்டினால் உங்கள் ஸ்பீக்கரை அதில் மாட்ட வேண்டாம். இந்த ஓர் அளவைக் கேட்டதும் முகம் சுளிக்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் திரும்பினால் நட்டமில்லை.

சின்ன ஸ்பீக்கர்களை மாட்டி, எதையும் கொழுவாமல் காதை அருகில் வையுங்கள். வொலியூம் பூச்சியத்திலும் ஒரே அளவாக ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் பெரிய கெபாசிட்டர்கள் களைத்துவிட்டன. வொலியூமோடு சேர்ந்து கூடிக் குறையும் இரைச்சல் உள்ளே வரும் பக்கத்துக் கோளாறு, அவ்வளவு பாரதூரமல்ல. பிறகு ஃபோனைக் கொழுவி ஓக்ஸ், டியூனர், டேப், சீடி என்று ஒவ்வொரு வழியிலும் இரண்டு பக்கமும் பாடுகிறதா என்று பாருங்கள். பேலன்ஸ், பேஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை திருகுங்கள்.

திருகும்போது கரகரப்பது விலை குறைக்கச் சொல்ல நல்ல காரணம், விட்டுவிட்டுப் போகக் காரணமல்ல. வீட்டில் பிளக்கைக் கழற்றி, கொன்டாக்ட் கிளீனரை அந்த நொப்பின் உடலிலுள்ள சின்ன இடுக்கில் கொஞ்சம் அடித்து, முப்பது தடவை திருகி, கால் மணித்தியாலம் காய விட்டால் பெரும்பாலும் சரியாகும். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே வேண்டாம், அது எண்ணெயை விட்டுப் போகும், தூசி வந்து ஒட்டும். ஒரு பக்கம் மெல்லிய சத்தத்தில் வராமல், வொலியூமைக் கூட்டியதும் ‘பட்’ என்று வந்தால் ரிலேயின் தொடுமுனை கறுத்திருக்கிறது. அதே வோல்ட்டும் அம்பியரும் உள்ள புது ரிலே போட்டால் தீரும், மலிவான வேலை.

மிச்ச நேரம் முழுக்கப் பாட விடுங்கள். கடைசியில் மூடியின் மேல் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு இருக்கலாம். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கின் ஒரு பகுதி கை வைக்க முடியாமல் கொதித்து மற்றது குளிர்ந்திருந்தால் வாங்க வேண்டாம்.

வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த அம்ப்பை நேரடியாகச் சுவரில் சொருகாமல், 60 வாட்ஸ் பழைய இழைப் பல்ப் ஒன்றை வரிசையில் போட்டு முதலில் கரண்ட் கொடுக்கும்படி திருத்துபவரிடம் கேளுங்கள். பல்ப் ஒருகணம் பிரகாசித்து மங்கினால் நல்லது, பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷோர்ட். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. 100 வோல்ட் அம்ப் என்றால் பல்ப் ஸ்டெப் டவுனுக்கு முன்னால் வர வேண்டும். இது 230 வோல்ட்டைத் திறந்து வைத்துச் செய்யும் வேலை, பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம்.

மஸ்கெலியா வாசகர்: பிஎம்பிஓ 1200 வாட்ஸ் என்று எழுதிய செட் மலிவாக இருக்கிறதே?

பதில்: முதுகில் எவ்வளவு மின்சாரம் வாங்குகிறது என்று பாருங்கள். 45 வாட்ஸ் வாங்கும் பெட்டி 1200 வாட்ஸ் கொடுக்க முடியாது. வாங்குவதில் பாதிக்குச் சற்று மேல் ஸ்பீக்கருக்குப் போனாலே அதிகம், அதையும் இரண்டு பக்கத்துக்கும் பிரிக்க வேண்டும். பிஎம்பிஓ (PMPO) வெறும் விளம்பர எண். தொடர்ந்து கொடுக்கும் பலத்தைச் சொல்லும் ஆர்எம்எஸ் (RMS) என்ற எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள்.

வட்டவளை வாசகர்: பழையதே வேண்டாம், ப்ளூடூத் உள்ள சின்னப் புதுப் போர்டு போதும் என்கிறான் மகன்.

பதில்: மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஸ்டெப் டவுன் வாங்கக் காசில்லை, திருத்தவும் ஆளில்லை என்றால் டிபிஏ 3116 (TPA3116) என்ற ஐசி உள்ள போர்டு நல்ல வழி. விளம்பரத்தில் உள்ள 50 வாட்ஸ், 4 ஓம் ஸ்பீக்கரில், ஓசை சிதையும் எல்லையில் கிடைப்பது. 24 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 30 வாட்ஸுக்குக் கிட்ட எதிர்பாருங்கள், மேலே ஹட்டன் வாசகருக்குப் போட்ட கணக்குப்படி அது போதும். காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அடப்டர். 24 வோல்ட், 5 அம்பியர் உண்மையாகவே தரும் ஒன்று வேண்டும், பழைய பிரின்டர் அடப்டர் போட்டால் பேஸ் அடிக்கும்போதெல்லாம் அணைந்து மீண்டும் வரும். இந்தப் போர்டுகளில் ஸ்பீக்கரின் கறுப்பு முனை தரை (ஏர்த்) அல்ல. இரண்டு பக்கத்துக் கறுப்பையும் ஒன்றாக முறுக்கினாலோ சட்டத்தில் தொட்டாலோ ஐசி போய்விடும்.

இராகலை வாசகர்: தோட்டத்துக் கோவிலில் பழைய மைக்செட் அம்ப் சும்மா கிடக்கிறது. வீட்டு பொக்ஸுக்குப் போடலாமா?

பதில்: அதன் முதுகில் கொம் (பொது முனை), 4, 8, 16, 70 வோல்ட், 100 வோல்ட் என்று வரிசையாக முனைகள் இருக்கும். 8 ஓம் பொக்ஸ் ஒன்றைக் கொம்முக்கும் 8க்கும் இடையே போட்டால் பாடும். 100 வோல்ட் முனையில் தெரியாமல் மாட்டினால் பொக்ஸ் எரியும், அம்ப்பும் திணறும். அந்த முனை, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சின்ன ட்ரான்ஸ்ஃபோமர் வைத்து நீண்ட வயரில் தூரம் கொண்டுபோவதற்கானது. இது மோனோ என்பதால் இரண்டு பொக்ஸ் வைத்தாலும் ஸ்டீரியோ ஆகாது, பேச்சுக்காகச் செய்ததால் அடிப்பேஸும் குறைவு. மைக்செட்டுக்கு மைக்செட், பாட்டுக்கு வேறு.

மறுபக்கமாக, 16 ஓம் குழாய் ஸ்பீக்கரை வீட்டு அம்ப்பில் மாட்டுவதால் அம்ப்புக்குக் கேடில்லை. ஆனால் பேஸ் போய்க் குழாயின் மெல்லிய தகட்டைக் கிழிக்கும். 22 மைக்ரோஃபரட் முனைபேதமில்லாக் கெபாசிட்டர் ஒன்றைச் சிவப்பு வயரில் வரிசையாகப் போட்டால் 450 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை அடங்கும்.

பதுளை வாசகர்: போன வருடம் இடி விழுந்து செட் போனது. புது அம்ப்பை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் திரளும் இடிதான் நமக்கு ஆபத்து. சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு டிஷ் வயரை மறப்பவர்கள் அதிகம். டிஷ், டிவி, ஆர்சிஏ வயர் வழியாக இடி அம்ப்புக்குள் நுழையும், ஆகவே அதையும் கழற்றுங்கள். மேகம் கறுக்கும்போதே செய்யுங்கள், தலைக்கு மேல் வெட்டும்போது ஓடிப்போய்த் தொடாதீர்கள்.

இடி வருடத்தில் சில நாள். ஈரம் எல்லா நாளும். சமையல் புகையும் அடுப்பு நீராவியும் வரும் பக்கம் அம்ப்பை வைக்காதீர்கள், புகையின் பிசுக்கு நொப்புகளுக்குள் படியும். பொலித்தீன் உறையால் மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும், பருத்தித் துணி போதும், அதுவும் அணைத்துச் சூடு ஆறிய பிறகு. மேலே நாலு அங்குலம் காற்று வெளி விடுங்கள். வாரத்துக்கு ஒரு மணித்தியாலமாவது ஓட விட்டால் தன் சூட்டிலேயே காயும், கெபாசிட்டருக்கும் அது நல்லது. குளிர்ந்த லொறியில் வந்து இறங்கிய அம்ப்பை ஓர் இரவு வைத்துவிட்டு ஒன் பண்ணுங்கள்.

கொட்டகலை வாசகர்: ஃபோனையும் டிவியையும் பழைய அம்ப்பில் எந்தத் துளையில் கொழுவுவது? ஸ்பீக்கர் வயர் எவ்வளவு மொத்தம்?

பதில்: ஓக்ஸ், டியூனர், சீடி, டேப் பிளே என்று எழுதிய எதிலும் கொழுவலாம். ஃபோனோ என்ற துளை மட்டும் வேண்டாம். அது இசைத்தட்டு ஊசியின் சில மில்லிவோல்ட்டுக்கானது, ஃபோனைக் கொழுவினால் பேஸ் மட்டும் பொங்கிக் கரகரக்கும். ஃபோனின் வொலியூமைத் தொண்ணூறு வீதத்தில் வைத்துவிட்டு மிச்சத்தை அம்ப்பில் சரிசெய்யுங்கள்.

டிவியில் ஹெட்ஃபோன் துளை இருந்தால் அதே வயர் போதும். ஒளி வழியாகச் சத்தத்தை அனுப்பும் ஒப்டிகல் துளை மட்டும் இருந்தால் அதை ஆர்சிஏ ஆக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று வேண்டும், டிவியின் ஓடியோ செட்டிங்கில் பிசிஎம் (PCM) என்று மாற்றாவிட்டால் பெட்டியிலிருந்து சத்தமே வராது.

ஸ்பீக்கர் வயர் 8 ஓமுக்குப் பத்து மீற்றர் வரை 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு ஃபிளெக்ஸ் போதும். 4 ஓமுக்கு அதே தூரம் என்றால் 2.5 போடுங்கள். மினி செட்டோடு வரும் மயிரிழை வயரைத் தூக்கிப் போடுங்கள். முனையை அரை அங்குலத்துக்கு மேல் உரிக்காதீர்கள், முறுக்கிய நூலில் ஒன்றுகூடப் பக்கத்து முனையைத் தொடக் கூடாது. இரண்டு பொக்ஸிலும் சிவப்புக்குச் சிவப்பு போட்டும் பேஸ் குறைவாக இருந்தால், யாரோ ஒரு பொக்ஸை உள்ளே மாற்றி இணைத்திருக்கலாம். அம்ப்பிலிருந்து கழற்றி 1.5 வோல்ட் பற்றரியை ஒரு கணம் தொடுங்கள். கூட்டல் முனை சிவப்பில் படும்போது வூஃபர் முன்னால் வர வேண்டும். பின்னால் போகும் பொக்ஸின் வயரை மட்டும் மாற்றிக் கொழுவுங்கள்.